பாடத் தெரிந்தால் மட்டும் போதுமா?

இசைத் துறைக்கு வரும் இளையோரிடம் ஆசிரியர் கேட்பது, சுருதி சேர்கிறதா, தாளம் நிற்கிறதா என்பதைத்தான். "ஒப்பந்தத்தைப் படித்தாயா?" என்று கேட்பவர் குறைவு. கலைஞன் காசைப் பற்றிப் பேசினால் கலைக்கு இழுக்கு என்ற எண்ணம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. ஆனால், "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று சொன்னவர்களும் நம் முன்னோர்தாம். அளக்கத் தெரியாததால் உலகப் புகழ் பெற்றவர்களே எதை இழந்தார்கள் என்பதற்கு, இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவினர் நல்ல சான்று.

இருபது வயதில் போட்ட கையெழுத்து

1963 பிப்ரவரி. குழுவின் பாடல்களை இயற்றிய ஜான் லெனனுக்கு வயது 22, பால் மெக்கார்ட்னிக்கு 20. அவர்கள் பாடல்களின் உரிமையைக் கவனிக்க 'நார்தர்ன் சாங்ஸ்' என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. பங்கு எப்படிப் பிரிந்தது? பாடல் வெளியீட்டாளர் டிக் ஜேம்ஸ் தரப்புக்கு 50 விழுக்காடு. பாட்டு எழுதிய இருவருக்கும் ஆளுக்கு 20. மேலாளர் பிரையன் எப்ஸ்டீனுக்கு 10. ஒரு பாட்டை ஒருவர் சொத்தாக வைத்துக்கொள்ள முடியும் என்பதே அப்போது தங்களுக்குத் தெரியாது என்று மெக்கார்ட்னி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

எப்ஸ்டீன் நல்லவர், குழுவுக்காக உழைத்தவர். ஆனால், குடும்பக் கடையில் இசைத்தட்டு விற்ற அனுபவம் வேறு, பாடல் உரிமை வணிகம் வேறு. 1965-இல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போனது. 1967-இல் எப்ஸ்டீன் மறைந்தார். 1969-இல் டிக் ஜேம்ஸ், பாட்டு எழுதியவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமலே, தம் பங்கை ஏடிவி நிறுவனத்துக்கு விற்றார். லெனனும் மெக்கார்ட்னியும் நிறுவனத்தைக் கைப்பற்ற முயன்று தோற்றனர். இயற்றியவர்களுக்குரிய தொகை தொடர்ந்து வந்தது. பாட்டை யார், எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்யும் உரிமைதான் கைவிட்டுப் போயிற்று.

பட்ட பிறகு மெக்கார்ட்னி பாடம் கற்றார். வழக்கறிஞரான மாமனாரின் ஆலோசனைப்படி, 1970-களில் அமெரிக்கப் பாடகர் படி ஹோலியின் பாடல் உரிமைகளை வாங்கினார். பாடல் உரிமையில் எவ்வளவு வருமானம் உண்டு என்பதை 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் ஜாக்சனுக்கு எடுத்துச் சொன்னவரும் அவரே. கேட்டுக்கொண்ட ஜாக்சன் சும்மா இருக்கவில்லை. 1985-இல் பீட்டில்ஸ் பாடல்கள் அடங்கிய ஏடிவி தொகுப்பையே 4 கோடியே 75 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிவிட்டார்! இரண்டே ஆண்டுகளில், 1987-இல், பீட்டில்ஸ் பாட்டு ஒன்று காலணி விளம்பரத்தில் ஒலித்தது.

நம் திரையிசையிலும் இதே கதை

இது வெள்ளைக்காரர் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. நாம் அன்றாடம் கேட்கும் தமிழ்த் திரைப்பாடல்களும் இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டவையே. படத்துக்காகக் காசு கொடுத்து இசையமைக்கச் சொன்னால், வேறு உடன்பாடு இல்லாதவரை, தயாரிப்பாளரே உரிமையாளர் என்று 1977-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே முறை வாங்கிய சம்பளத்தோடு பலருக்குக் கணக்கு முடிந்துபோனது. பாடல் வேறு வழிகளில் பயன்படும்போது கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சமப் பங்கு தர வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2012-இல்தான் வந்தது. கவிஞர் ஜாவேத் அக்தர் நாடாளுமன்றத்தில் அதற்காக வாதாடினார். இடையில் ஓடிய ஆண்டுகள் 35.

இங்குள்ள நிலை

மலேசியா, சிங்கப்பூர் இரண்டிலும் 1987-இல் பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இயற்றியவர்களுக்கான தொகையை வசூலித்துக் கொடுக்க சிங்கப்பூரில் அதே ஆண்டு 'காம்பஸ்' அமைப்பும், மலேசியாவில் 1989-இல் 'எம்ஏசிபி' அமைப்பும் தோன்றின. சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மற்றவர் பணம் கொடுத்துச் செய்யச் சொன்ன ஒலிப்பதிவாக இருந்தாலும், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், உருவாக்கியவரே அதன் முதல் உரிமையாளர்.

"வேறு உடன்பாடு இல்லாவிட்டால்" என்ற அந்தச் சொற்களைக் கவனிக்க வேண்டும். 1977 தீர்ப்பிலும் அதே நிபந்தனைதான் இருந்தது. சட்டம் யார் பக்கம் இருந்தாலும், கையெழுத்திட்ட தாள் அதை மாற்றிவிடக்கூடும்.

ஆகவே, பாட்டு இயற்றும் இளையோர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பாட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு என்பது. அடுத்து, தம் படைப்புகளை உரிய அமைப்பில் பதிந்து, வரவு செலவை எழுதி வைக்கும் பழக்கம். மூன்றாவது, புரியாத தாளில் கையெழுத்திடாமல், புரிந்தவரிடம் காட்டிக் கேட்கும் துணிவு. பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர், இவற்றையும் கற்றுக்கொள்ளத் துணைநிற்க வேண்டும். பெயரும் புகழும் வந்த பிறகு படித்துக்கொள்ளலாம் என்றிருந்த பீட்டில்ஸ் குழுவினருக்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை.