எதிரொலி கேட்கிறதா?

வால்பாறையில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஒரு மாலை நேரம். கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்ப அன்றே கடைசி நாள். கணிப்பொறியில் இணையம் வரவில்லை. ‘மழையில் லைன் போய்விட்டது’ என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் கோளாறு மலைக்கு அப்பாலா, நம் மேசைக்கு அடியிலா? இந்தக் கேள்விக்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

1851-இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் துறைமுகத்துக்கும் இடையே தந்தி ஓடத் தொடங்கியது. இத்தகைய நெடுங்கம்பி எங்கோ அறுந்து ஈரமண்ணில் பதிந்துவிட்டால், அந்த இடத்தை எப்படிக் காண்பது? இங்கே கைகொடுத்தது 1843-இல் வீட்ஸ்டன் விளக்கிய சமனச் சுற்று. ஒரு கிலோமீட்டர் கம்பியின் மின்தடை 10 ஓம் என்று கொள்வோம். நிலையத்தில் அளந்தால் 250 ஓம் வருகிறது. மண்ணின் தடையைப் புறக்கணித்தால், அறுந்த இடம் 25 கிலோமீட்டர் தொலைவில்! நாற்காலியை விட்டு எழாமலே விடை கிடைத்துவிடுகிறது.

கணிப்பொறி வலைக்கும் இத்தகைய கருவி தேவைப்பட்டது. 1983 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படை ஆய்வகமொன்றில் பணியாற்றிய மைக் மூஸ், வலையில் தோன்றிய ஒரு கோளாற்றை ஆராய ‘பிங்’ என்னும் நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதுபோல, இது ஒரு சிறு செய்தியை அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்கும். மூஸ் கேள்விப்பட்ட கதை ஒன்று சுவையானது. வலைப் பொறுப்பாளர் ஒருவர், மறுமொழி வரும்போதெல்லாம் கணிப்பொறி ‘பிங்’ என்று உரக்கக் கூவும்படி செய்தார். பிறகு கட்டடம் முழுவதும் நடந்து இணைப்புகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எங்கே கூவல் நின்றதோ அங்கே கோளாறு!

பின்னர் வான் ஜேக்கப்சன் ‘டிரேஸ்ரூட்’ நிரலை எழுதினார். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் முதல் வளைவோடு நின்று தகவல் அனுப்புவார், இரண்டாமவர் இரண்டாம் வளைவிலிருந்து, இப்படியே மேலே. தகவல் எந்த வளைவோடு நின்றுபோகிறதோ, அதற்கு மேலேதான் ஐயம். வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்தையும் டிரேஸ்ரூட் இவ்வாறே விசாரிக்கிறது.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. இன்று நம் வீட்டிலேயே இந்தச் சோதனைகளைச் செய்யலாம். முதலில் கம்பிகளும் விளக்குகளும் சரிதானா என்று பாருங்கள். அடுத்து வீட்டு ரௌட்டரைப் பிங் செய்யுங்கள். பல வீடுகளில் அதன் எண் 192.168.1.1. மறுமொழி இல்லையேல் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான். மறுமொழி வந்தால், 8.8.8.8 போன்ற வெளி எண்ணை முயலுங்கள். எண் பேசுகிறது, ஆனால் தளத்தின் பெயர் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றும் ஏற்பாட்டில் சிக்கல். ரௌட்டர் பேசியும் வெளியே எதுவும் பேசவில்லை என்றால்தான் லைன்மீது ஐயப்பட வேண்டும். சில கணிப்பொறிகள் பிங்குக்கு மறுமொழி தருவதே இல்லை. ஆகவே ஒரே சோதனையில் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கம்பிகள் அறுந்தபோது, இந்தியாவெங்கும் இணையம் தடுமாறியது. அப்போது எந்த வீட்டிலும் தவறில்லை. எனினும் எல்லா நாளும் கடலடியில் கம்பி அறுவதில்லை. மழையைப் பழிக்குமுன் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள். விண்ணப்பம் அன்றிரவே போய்ச் சேரக்கூடும்.