ஆசிரியராகக் கற்ற டாக்டர்கள்

நம் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித் தரும் ஆசிரியர், அதற்கென்று பயிற்சிக் கல்லூரியில் படித்த பிறகே வகுப்பறைக்குள் நுழைகிறார். இது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் டாக்டராகப் போகும் பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறவர் அப்படிப் பயிற்சி பெற்றவரா? நெடுங்காலம் இல்லை என்பதே விடை. கைராசியுள்ள டாக்டராக இருந்தால் போதும், கற்பிக்கும் திறமை தானாக வந்துவிடும் என்றே உலகமெங்கும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை எப்படி மாறியது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் நம் பக்கத்து ஊர்க் கதை. சிங்கப்பூரில் 1905-ஆம் ஆண்டில் ஒரு மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டது. அதற்காகத் தான் ஜியாக் கிம் என்ற சீனப் பிரமுகர் முன்னின்று, மற்றவர்களுடன் சேர்ந்து 87,077 டாலர் திரட்டினார். முதலில் சேர்ந்த மாணவர்கள் 23 பேர். பாடம் நடத்தியவர்கள் அரசாங்க டாக்டர்கள். நோயாளிகளைக் கவனிக்கும் வேலைக்கு இடையே வந்து சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை கூற நாம் வரவில்லை. தங்களுக்கு எப்படிச் சொல்லித் தரப்பட்டதோ, அப்படியே அவர்களும் சொல்லித் தந்தார்கள். வேறு வழி அவர்களுக்கு யார் காட்டினார்?

அந்தப் பழைய வழி இதுதான். ஆசிரியர் பேசுவார், மாணவர் எழுதிக் கொள்வார், மனப்பாடம் செய்வார், பரீட்சையில் ஒப்பிப்பார். நோயாளியை வைத்து நடத்தும் பரீட்சையும் இருந்தது. ஆனால் அதில் ஒரு வேடிக்கை. மாணவர் தனியாக நோயாளியிடம் பேசிப் பரிசோதித்துவிட்டு வந்து, தாம் கண்டதைப் பரீட்சை அதிகாரிகளிடம் சொல்வார். அவர் நோயாளியிடம் எப்படிப் பேசினார், வயிற்றை அழுத்தும்போது வலிக்கிறதா என்று கேட்டாரா என்பதைப் பெரும்பாலும் யாரும் கூட இருந்து பார்த்ததில்லை.

உளியும் வாளியும் எடுத்தவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். மரம் வெட்டப் பழகும் புதிய ஆளின் கையை யாரும் பார்க்காமல் விடுவதில்லை. பட்டையில் எவ்வளவு ஆழம் போகிறது, உளி சாய்கிறதா என்று மண்டோர் நின்று பார்ப்பார். ஆழம் மீறினால் மரத்தில் காயம் விழும். அந்தக் காயம் பல வருடம் பேசும். மரத்துக்கு இருந்த அந்தக் காவல் மனிதருக்கு இல்லாமல் போயிற்று. டாக்டர் சொன்னது விளங்காமல், கேட்கவும் பயந்து, தலையை ஆட்டிவிட்டு மருந்துப் புட்டியுடன் வீடு திரும்பியவர்கள் நம் லயங்களில் எத்தனை பேர்!

மாற்றம் அமெரிக்காவில் பஃபலோ நகரப் பல்கலைக்கழகத்தில் 1950-களின் நடுவில் பிறந்தது. ஜார்ஜ் மில்லர் என்பவர் அங்கே மருத்துவப் பேராசிரியர். 'நாங்கள் பாடம் நடத்துகிறோம். மாணவர்கள் உண்மையில் எதைக் கற்கிறார்கள்?' என்ற கேள்வி அவரை விடவில்லை. விடை தேடி அவர் வேறு டாக்டரிடம் போகவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் கல்வித் துறைக்குப் போனார். அங்கிருந்த ஸ்டீபன் ஆப்ரகாம்சன் டாக்டர் அல்லர். கல்வி இயல் அறிஞர். அப்படிப்பட்டவருடன் டாக்டர்கள் உட்கார்ந்து, கற்பித்தல் என்றால் என்ன என்று பேசத் தொடங்கினார்கள். பெயரும் புகழும் பெற்ற டாக்டர் ஒருவர் மறுபடி மாணவராக அமர்வது எளிதா? சிலருக்குக் கசந்துதான் இருக்கும். எங்கள் பார்வையில், மில்லர் செய்த பெரிய காரியம் அந்தக் கசப்பைத் தாண்டி அவர்களை உட்கார வைத்ததுதான்.

1959-இல் மில்லர் சிக்காகோவிலுள்ள இலினாய் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, மருத்துவக் கல்வியை ஆராய்வதற்கென்றே ஓர் அலுவலகத்தைத் தொடங்கினார். பல நாட்டு டாக்டர்கள் அங்கே பயின்று ஊர் திரும்பினார்கள். பிறகு உலகச் சுகாதார நிறுவனம் இந்த வேலையைக் கையில் எடுத்தது. 1970-களில் பல வட்டாரங்களில் ஆசிரியர் பயிற்சி மையங்கள் எழுந்தன. மலேசியாவும் சிங்கப்பூரும் அடங்கிய மேற்குப் பசிபிக் வட்டாரத்துக்குச் சிட்னியில் 1973-இல் மையம் அமைந்தது. 1975-இல் புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் வந்தது.

அந்தப் பட்டறைகளில் என்ன நடக்கும்? பத்து இருபது டாக்டர்கள் சில நாட்கள் ஒன்றாக இருப்பார்கள். முதல் வேலை, பாடத்தின் நோக்கத்தை எழுதுவது. 'மாணவர் வயிற்றுப்போக்கைப் பற்றி அறிவார்' என்று ஒருவர் எழுதினால் அது தள்ளுபடி. அறிந்தார் என்று எப்படித் தெரியும்? 'குழந்தைக்கு உப்புச் சர்க்கரை நீர் கலக்கும் முறையைத் தாய்க்கு விளக்கி, அவரையே செய்து காட்டச் சொல்வார்' என்று எழுத வேண்டும். கண்ணால் பார்க்கக் கூடியதுதான் நோக்கம்.

அடுத்தது சிறு பாடம். ஒவ்வொருவரும் சில நிமிடம் பாடம் நடத்த, மற்றவர்கள் கவனித்துக் கருத்துச் சொல்வார்கள். இந்த முறை பள்ளி ஆசிரியர்களுக்காக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1960-களில் உருவானது. டாக்டர்கள் இரவல் வாங்கிக் கொண்டார்கள். கருத்துச் சொல்வதற்கும் பின்னாளில் ஒழுங்கு வந்தது. இங்கிலாந்தில் பெண்டில்டனும் கூட்டாளிகளும் 1984-இல் எழுதிய நூலின்படி, முதலில் நன்றாக நடந்ததைச் சொல்ல வேண்டும். அதையும் கற்பவரே முதலில் சொல்ல வேண்டும். திருத்த வேண்டியது அதற்குப் பிறகே. நாலு பேர் முன்னால் மாணவரைத் திட்டுவதுதான் கற்பித்தல் என்று வளர்ந்தவர்களுக்கு இது புதுப் பாடம்.

நம் நாட்டில் 1979-இல் பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளி தோன்றியது. பின்னர் கிளந்தானிலுள்ள குபாங் கிரியானுக்குப் போயிற்று. நோயாளியின் பிரச்சினையிலிருந்து பாடத்தைத் தொடங்குவதும், மாணவர்களைக் கிராமத்துக் குடும்பங்களிடம் அனுப்புவதும் அங்கே முறையாயின. இப்படி நடத்தப் பழைய பாணி ஆசிரியரால் முடியாது. பேச்சைக் குறைத்து, மாணவரைப் பேசவிடும் பழக்கத்தை அவரும் கற்க வேண்டியிருந்தது.

பரீட்சையும் மாறியது. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975-இல் ஒரு புதிய முறையை வெளியிட்டார். மாணவர் மணி அடிக்க மணி அடிக்க ஒவ்வொரு இடமாகப் போவார். ஓரிடத்தில் நெஞ்சைச் சோதிப்பார், இன்னோரிடத்தில் நோயாளியிடம் விவரம் கேட்பார். முன்பு யாரும் பார்க்காததை இப்போது ஒருவர் தாளும் கையுமாக நின்று பார்த்தார். மில்லரும் 1990-இல் நான்கு படிகளைச் சொன்னார்: தெரிந்திருத்தல், எப்படிச் செய்வதென்று தெரிந்திருத்தல், செய்து காட்டுதல், உண்மையான வேலையில் செய்தல். கடைசிப் படிதான் உச்சி.

நோயாளியைப் போல நடிக்க ஆட்களைப் பழக்கும் வழக்கத்தை அமெரிக்க டாக்டர் ஹோவர்ட் பாரோஸ் 1963-இல் தொடங்கினார். இன்று பல நாடுகளின் பரீட்சைகளில் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மாணவர் தம் பெயரைச் சொன்னாரா, மருந்தை எப்போது சாப்பிடுவது என்று புரியும் வார்த்தையில் சொன்னாரா என்பதற்கெல்லாம் மதிப்பெண் உண்டு. சில இடங்களில் அந்த மதிப்பெண்ணில் ஒரு பங்கைப் போடுகிறவர் நோயாளியாக நடித்தவரே.