கதை மாந்தருக்கு முகம் தந்தவர்கள்



கதை படிக்கும்போது அதில் வருகின்ற மனிதர்களுக்கு நீங்கள் எப்படி முகம் கொடுக்கிறீர்கள் என்று என்றைக்காவது யோசித்துப் பார்த்ததுண்டா? கதையில் ஒரு கிழவி வந்தால் அடுத்த வீட்டுப் பாட்டியின் முகம் வந்து நிற்கும். கோபக்கார ராஜா வந்தால், சொல்லலாமா, கணக்கு வாத்தியாரின் மீசை வந்து ஒட்டிக்கொள்ளும்! சிரிக்காதீர்கள். உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர்களும் ஓவியர்களும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு சரித்திரத்தை இங்கே காண்போம்.

துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸின் பெயரைக் கேள்விப்படாதவர் உண்டோ? ஆர்தர் கானன் டாயில் எழுதிய முதல் ஹோம்ஸ் நாவல் 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால், ஹோம்ஸின் கதை அதற்கும் முன்பே ஒரு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிவிட்டது.

டாயில் 1876இல் ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அங்கே ஜோசப் பெல் என்னும் அறுவை மருத்துவர் பாடம் நடத்தினார். மெலிந்த தேகம், எடுப்பான மூக்கு, ஆளை ஊடுருவும் பார்வை. நோயாளி வாயைத் திறக்கும் முன்பே அவருடைய தொழிலையும் ஊரையும் சொல்லிவிடுவாராம்!

ஒருநாள் ஒரு நோயாளி வந்தார். "நீர் இராணுவத்தில் இருந்தவர், அண்மையில்தான் வெளியே வந்திருக்கிறீர், பார்படோஸ் தீவில் பணி செய்திருக்கிறீர்" என்றார் பெல். அத்தனையும் சரி! மாணவர்கள் வாயைப் பிளந்தார்கள். 'இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரிஞ்சது?' என்றுதானே நீங்களும் கேட்கிறீர்கள்? பெல் விளக்கினார். வந்தவர் மரியாதை தெரிந்தவர். ஆனாலும் தொப்பியைக் கழற்றவில்லை. அது இராணுவப் பழக்கம். வெளியே வந்து நாளாகியிருந்தால் அந்தப் பழக்கம் போயிருக்கும். அவருக்கு வந்திருந்ததோ யானைக்கால் நோய். அது பிரிட்டனில் வருகிற நோயல்ல, மேற்கிந்தியத் தீவுகளில் வருவது. அவ்வளவுதான்!

இந்த ஆசிரியரைத்தான் டாயில் ஹோம்ஸாக மாற்றினார். 1892இல் ஹோம்ஸ் சிறுகதைகளின் முதல் தொகுப்பு வந்தபோது அதைத் தம் பழைய ஆசிரியர் பெல் அவர்களுக்கே காணிக்கையாக்கினார். எடின்பரோவில் பிறந்த எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் அப்போது வெகுதொலைவில், பசிபிக் கடலிலுள்ள சமோவாத் தீவில் வாழ்ந்துகொண்டிருந்தார். கதைகளைப் படித்ததும், இவர் நம் நண்பர் ஜோ பெல் அல்லவா என்று 1893இல் டாயிலுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். எழுத்திலேயே ஆளை அடையாளம் கண்டுகொண்டார், பார்த்தீர்களா!

இனி ஓவியரிடம் வருவோம். 1891 ஜூலை முதல் லண்டன் 'ஸ்ட்ராண்ட்' மாத இதழில் ஹோம்ஸ் சிறுகதைகள் வரத் தொடங்கின. படம் வரைந்தவர் சிட்னி பேஜட். அவர் தம் தம்பியின் முகத்தைப் பார்த்தே ஹோம்ஸை வரைந்தார் என்று டாயில் 1924இல் தம் சுயசரிதையில் எழுதினார். பேஜட் சகோதரர்களில் இன்னொருவர் இதை மறுத்ததும் உண்டு. டாயில் மனத்தில் இருந்த ஹோம்ஸ் அவ்வளவு அழகானவர் அல்லர். ஒடுங்கிய முகம், பெரிய கழுகு மூக்கு, நெருங்கிய சிறு கண்கள். படத்திலோ அழகர் ஆகிவிட்டார்! கதையில் தலையோடு ஒட்டிய துணித்தொப்பி என்று இருந்ததைக் காதுமடல் வைத்த தொப்பியாக வரைந்தவரும் பேஜட்தான். இன்று அந்தத் தொப்பி இல்லாமல் ஹோம்ஸை நினைக்க முடிகிறதா?

கதை அங்கேயும் முடியவில்லை. 1899இல் அமெரிக்க நடிகர் வில்லியம் கில்லெட் மேடையில் ஹோம்ஸாகத் தோன்றினார். 1903இல் 'காலியர்ஸ்' இதழுக்குப் படம் வரைந்த பிரெடரிக் டார் ஸ்டீல் அந்த நடிகரின் முகத்தையே ஹோம்ஸுக்குக் கொடுத்துவிட்டார். ஆக, ஓர் ஆசிரியர், ஒரு தம்பி, ஒரு நடிகர். ஒரே கதாபாத்திரத்துக்கு மூன்று முகங்கள்!

இவற்றில் எது உண்மையான ஹோம்ஸ்? கொஞ்சம் சிந்தியுங்கள். ஓவியர்கள் எடுத்துக்கொண்டது வெளித்தோற்றத்தை. டாயில் தம் ஆசிரியரிடம் எடுத்துக்கொண்டதோ தோற்றத்தை மட்டுமல்ல, பார்க்கும் முறையையும். படங்கள் மாறின, நடிகர்கள் மாறினார்கள். தொப்பியைக் கழற்றாத மனிதரைக் கண்டு, 'ஏன் கழற்றவில்லை?' என்று கேட்ட அந்தப் பார்வை மட்டும் ஒவ்வொரு கதையிலும் மாறாமல் நிற்கிறது.

இன்று மேடையேறிப் புத்தகப் பரிசு பெறும் பிள்ளைகளே! வீட்டுக்குப் போனதும் படங்களைப் புரட்டிவிட்டு மூடி வைத்துவிடாதீர்கள். முதலில் கதையைப் படியுங்கள். அட்டையில் உள்ள முகமும் சினிமாவில் பார்த்த முகமும் சற்றே ஒதுங்கி நிற்கட்டும். உங்களுக்குத் தெரிந்தவர்களின் முகங்களைத் தாராளமாகக் கடன் வாங்குங்கள். கணக்கு வாத்தியாரின் மீசை உட்பட!

நாளை உங்களில் ஒருவர் கதை எழுத உட்காரும்போது, இந்தப் பள்ளியில் பாடம் சொன்ன ஓர் ஆசிரியர் உங்கள் பேனா முனையில் வந்து நிற்கலாம். அப்போது டாயிலை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அந்த ஆசிரியரின் பெயரைப் போட மறந்துவிடாதீர்கள்.