காரின் குறைகூறும் கருவி வீட்டுக்கு வந்த வரலாறு

இன்று கார் வைத்திருக்கும் எவரும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஸ்கேனரை வாங்கி, ஸ்டீயரிங் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டில் செருகி, என்ஜினின் குறையைத் தாமே வாசித்து அறிந்துகொள்ளக் கூடுமாயின், அந்தச் சௌகரியம் கார் உற்பத்தியாளர்கள் மனமுவந்து அளித்த கொடை அன்று. நகரத்துக் காற்றைக் காக்கப் புறப்பட்ட விஞ்ஞானிகளும் பிரஜைகளும் சட்டமன்றங்களும் அரை நூற்றாண்டுக் காலம் செய்த பிரயத்தனத்தின் பலன் அது.

1943 ஜூலையில், மகாயுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, கலிபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின்மேல் புகைமூட்டம் அடர்த்தியாகக் கவிய, கண்கள் எரிந்து நீர் சொரிந்த ஜனங்கள், எதிரிகள் விஷவாயுவை ஏவிவிட்டனரோ என்று கலங்கினர். ஆலைகளின்மேலேயே முதலில் சந்தேகம் விழுந்தது. அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான இரசாயனங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் கால்டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர், 1950-களின் தொடக்கத்தில் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்து, கார்களும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் வெளிவிடும் ஹைட்ரோகார்பன்கள் நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடு சூரிய வெளிச்சத்தில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று நிரூபித்தார். 1967-இல் உருவான கலிபோர்னியாக் காற்று வள வாரியத்தின் முதல் தலைவராகவும் அவரே நியமிக்கப்பட்டார்.

புகைக்கு வரம்பு விதித்த சட்டங்கள் நாளுக்கு நாள் கடுமையாக, பெட்ரோலையும் காற்றையும் கார்புரேட்டரின் பழைய முறையில் கலப்பது போதாமற் போயிற்று. புகையின் நச்சைக் குறைக்கப் புகைக்குழாயில் பொருத்தப்பட்ட கேடலிடிக் கன்வெர்ட்டர் செவ்வனே இயங்க வேண்டுமானால், கலவையின் விகிதத்தை ஆக்ஸிஜன் சென்சார் கண்காணிக்கவும், அது சொல்வதைக் கேட்டு ஒரு சிறு கம்ப்யூட்டர் அவ்விகிதத்தை ஓயாது திருத்தவும் வேண்டியிருந்தது. ஆனால் அந்தச் சென்சாரே பழுதானால், கார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஓட்டுபவருக்கு ஏதும் தெரியாது. ஊர்க்காற்று மட்டும் கெடும். கண்ணுக்குப் புலனாகாத இத்தகைய பழுதை அறிவிக்கவே டாஷ்போர்டில் 'செக் என்ஜின்' விளக்கு இடம்பெற்றது. 1980-களின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில், பரிசோதனைச் சாக்கெட்டின் இரண்டு முனைகளை ஒரு காகிதக் கிளிப்பினால் இணைத்துவிட்டால், அந்த விளக்கே விட்டுவிட்டு மின்னிப் பழுதின் எண்ணைச் சொல்லும். ஒருமுறை மின்னிச் சற்றே நின்று பின் இருமுறை மின்னினால் அது 12 என்று கொள்ளப்படும்.

ஆயினும் ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு சாக்கெட்டும், தனக்கென்று ஒரு குறியீட்டு முறையும் வைத்திருந்தமையால், பல ரகக் கார்களைப் பழுதுபார்க்கும் சாமானியப் பட்டறைக்காரர் பல கருவிகளை வாங்க நேர்ந்தது. வீட்டுக்காரருக்கோ வழியே இல்லை. கலிபோர்னியா 1988-ஆம் ஆண்டு மாடல் முதல் சுயபரிசோதனை ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியும் இந்தப் பேதம் நீங்கவில்லை. 1990-இல் அமெரிக்கக் காங்கிரஸ் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோதுதான், சாக்கெட் எல்லாக் கார்களிலும் ஒரே விதமாக இருக்க வேண்டும் என்றும், உற்பத்தியாளரிடம் மட்டுமே கிடைக்கும் சாதனமோ ரகசியக் குறியீடோ இன்றி எவரும் அதிலிருந்து தகவல் பெற இயல வேண்டும் என்றும் விதி பிறந்தது. 1996-ஆம் ஆண்டு மாடல் முதல் அந்நாட்டில் விற்கப்பட்ட எல்லாக் கார்களிலும் 16 முனைகள் கொண்ட அந்தப் பொதுச் சாக்கெட், ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கைக்கு எட்டும் இடத்தில் அமைந்தது. ஐரோப்பா 2001-இல் பெட்ரோல் கார்களுக்கு இதை ஏற்றது. இந்தியாவுக்குப் பாரத் ஸ்டேஜ் என்னும் புகை வரம்பு விதிகளின் வழியாக இது வந்து சேர்ந்தது.

சாக்கெட் ஒன்றானபோதும் அதன் வழியே பேசும் முறைகள் ஐந்தாக இருந்தன. அவை யாவற்றையும் அறிந்து எளிய எழுத்துகளாக மாற்றித் தரும் இ.எல்.எம். 327 என்னும் சில்லைக் கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் வெளியிட, அதுவும் அதன் நகல்களும் உலகெங்கும் பரவி, கைப்பேசியோடு புளூடூத்தில் இணையும் மலிவான கருவிகளாயின. நகல்களில் சில எல்லா முறைகளையும் சரிவரப் பேசுவதில்லை. ஆகையால், விலையை மட்டும் நோக்காது, தம் காரோடு அது பேசுமா என்பதை உறுதி செய்துகொண்டு வாங்குவதே விவேகம்.

இந்த வரலாற்றை அறிந்தவர்க்குக் கருவியின் எல்லையும் தானே விளங்கும். சட்டம் பொதுவாக்கியது புகை சம்பந்தப்பட்ட தகவலையே, ஏ.பி.எஸ். பிரேக்கும் ஏர்பேக்கும் அதற்குள் அடங்கா. அவற்றையும் வாசிக்க விரும்புவோர் அதற்கென்றே அமைந்த கருவியைத்தான் நாட வேண்டும். பழுதின் எண்ணோடு, பழுது பதிவான கணத்தில் என்ஜின் இருந்த நிலையையும், சென்சார்களின் நடப்பு அளவுகளையும், சுயபரிசோதனைகள் முடிந்தனவா என்பதையும் காட்டும் எளிய கருவி வீட்டு உபயோகத்துக்குப் போதுமானது. பி0420 என்ற எண் கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததாகத் தோன்றுகிறது என்று கூறுகிறதேயன்றி, அதை உடனே மாற்று என்று கட்டளையிடவில்லை. புகைக்குழாயின் கசிவோ, பழுதான சென்சாரோகூட அதற்குக் காரணமாகலாம். எண்ணை அழித்து விளக்கை அணைத்துவிடுவதால் பழுது அகன்றுவிடுவதுமில்லை. ஊரார் சுவாசிக்கும் காற்றின்பொருட்டு ஏற்றப்பட்ட விளக்கு அது. ஆதலின் கருவியை வாங்குகிறவர், அது சொல்லும் குறையைத் தேடிச் சீர்செய்யும் கடமையையும் கூடவே ஏற்றுக்கொள்கிறார்.