பழைய ஆலை என்னும் பந்தாட்ட மைதானம்

பந்தாட்ட மைதானங்களுக்கு மலையின் பெயரையோ ஆற்றின் பெயரையோ சூட்டுவது பெருவழக்கு. ஐக்கிய அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்திலே, அனகொண்டா என்னும் சிற்றூரில் அமைந்த கோல்ப் மைதானமோ 'ஓல்டு ஒர்க்ஸ்', அதாவது 'பழைய ஆலை' என வழங்குகின்றது. அப்பெயரில் ஒரு நூற்றாண்டுக் கதை அடங்கியுள்ளது.

அயர்லாந்தில் ஏழைக் குடியிற் பிறந்து, இளமையிலே கப்பலேறியவர் மார்க்கஸ் டேலி. பியூட் நகரச் சுரங்கத்தில் தாம் கண்ட செம்புத் தாதினை உருக்குதற்கு நீர்வளம் நாடி, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ஓர் ஓடைக்கரையில் 1883இல் இவ்வூரை நிறுவினார். முதலில் எண்ணிய பெயர் 'காப்பரோபோலிஸ்', செம்புமாநகர் என்பது பொருள். அது அம்மாநிலத்தில் வேறோர் ஊருக்கு ஏற்கெனவே இருந்தமையால், சுரங்கத்தின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. 1884இல் உலைகள் மூண்டன. 1902இல் பள்ளத்தாக்கின் மறுபுறம் இன்னும் பெரியதோர் உருக்காலை எழவே, முந்தையது கைவிடப்பட்டது. அதுதான் 'பழைய ஆலை'.

புதிய ஆலை எழுந்த ஆண்டிலேயே அதன் புகையிற் கலந்த பாஷாணம் மேய்ச்சல் நிலத்திற் படிந்தது. மாடுகளும் குதிரைகளும் மாண்டன. உழவர்கள் 1905இல் வழக்காடினர். ஆலையை மூடினால் ஊர்களின் பிழைப்பே கெடும் என்னும் வாதம் 1909இல் வென்றது. வேலையைக் காட்டி வாயை அடைப்பது இன்று நேற்றுப் பிறந்த வழக்கமன்று என்பதை வாசகர் உணர்க. பின்னர் 585 அடி உயரப் புகைபோக்கி ஒன்றை எழுப்பினர். அதனால் நஞ்சு ஒழிந்துவிடவில்லை.

அந்தப் பிழைப்பும் நிலைக்கவில்லை. 1977இல் நிறுவனத்தை அட்லாண்டிக் ரிச்பீல்டு என்னும் எண்ணெய்க் குழுமம் வாங்கியது. 1980 செப்டம்பரில் உருக்காலை மூடப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேர் வேலையிழந்தனர். 1983இல், நச்சு நிலங்களைத் தூய்மை செய்யும் 'சூப்பர்பண்ட்' சட்டத்தின் பட்டியலில் ஊரின் நிலம் சேர்ந்தது.

இத்தனை மண்ணையும் அள்ளி எங்கே கொட்டுவது? ஆகவே அதனை மூடிவிடத் துணிந்தனர். பழைய ஆலை நிலத்தின்மீது களிமண்ணும் நல்ல மண்ணும் பரப்பிப் புல் வளர்த்தனர். புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் வகுத்த அம்மைதானம் 1997இல் திறக்கப்பட்டது. அங்கே மணற்குழிகளில் வெண்மணல் இல்லை. செம்பு உருக்கியபின் எஞ்சிய கருங்கசடே நிரப்பப்பட்டுள்ளது. மலைச்சரிவில் பழைய உலைகளின் இடிபாடுகளையும் அப்படியே விட்டுவைத்தனர். இதனை நான் மெச்சுகிறேன். நம் நாட்டிலும் சுங்கை பீசியின் ஹொங் பாட் ஈயச் சுரங்கம் ஏரியும் கோல்ப் மைதானமுமாகி, 'தி மைன்ஸ்' என்று பெயர் பெற்றது. பெயர் இருக்கின்றது, அங்கே ஆடுவோருள் மண்வெட்டி பிடித்தவரை நினைப்பவர் எத்தனை பேரோ!

அனகொண்டாவிலும் ஆலையின் பெயரே நிலைத்தது; மாடிழந்த உழவர்க்கு அம்மைதானத்தின் பெயரில் இடமில்லை. புகைபோக்கி மட்டும் இன்றும் நிற்கின்றது. 555 அடி உயரமுள்ள வாஷிங்டன் நினைவுத் தூணையே தன்னுள் அடக்கவல்லது அது. அரசு அதனைப் பூங்காவாக அறிவித்துள்ளது. ஆயினும் அடியிலுள்ள மண் இன்னும் நஞ்சாகையால் பொதுமக்கள் அருகே செல்ல இயலாது, தொலைவில் நின்றே காண வேண்டும்.