போதை மீட்பு ஆலோசனையில் சிகிச்சை மேற்பார்வையாளர்: நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்கள்

சிகிச்சை மேற்பார்வையாளர் என்பவர், குடியிலிருந்தும் போதைப்பொருளிலிருந்தும் மீள விரும்புவோருக்கு ஆலோசனை கூறும் ஆலோசகரின் தொழிலைத் தொடர்ந்து கவனித்து, அவருக்குப் போதித்து, அவர் தவறுமிடத்தில் தடுத்து, சிகிச்சை பெறுவோரின் நலனுக்குத் தாமும் பொறுப்பேற்கும் மூத்த ஆலோசகர் ஆவார். வருகைப் பதிவேட்டைப் பார்க்கும் நிர்வாகியின் வேலை வேறு, ஆலோசகர் நடத்திய ஒரு மணி நேர உரையாடலை ஆராயும் இவருடைய வேலை வேறு. ஆயினும் ஆட்பஞ்சமுள்ள நிலையங்களில் இரண்டும் ஒருவர் தலையிலேயே விழுகின்றன.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டப்புறங்களில் இவ்வுத்தியோகத்தின் அவசியத்தை உணர, அங்குள்ள குடியின் பூர்வீகத்தை அறிதல் வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடைகள் அரசாங்க அனுமதியோடு நடந்தன. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்குப் போய், வெட்டுக்காட்டில் பால்மரம் வெட்டி உழைத்தவனுடைய கூலியில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. 1941இல் கிள்ளானில் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்றாயிருந்தமையும், யுத்தம் முடிந்தபின் கெடாவில் தொண்டர் படை என்னும் இயக்கத்தினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தமையும், தொழிலாளர் தாமே இத்தீமையை உணர்ந்திருந்தமைக்குச் சாட்சியங்கள். பிற்காலத்தில் சிறு புட்டிகளில் விற்கப்பட்ட மலிவான சம்சு என்னும் சாராயம் கள்ளின் இடத்தைப் பிடித்தது. மறியல் செய்வதற்கென்று ஒரு கடைவாசல் இருந்த காலமும் அத்துடன் கழிந்தது.

தேசத்தின் சட்டமோ இப்பழக்கத்தை நேராக நோக்கவில்லை. போதைப்பொருள் சார்ந்தோர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம் 1983இல் இயற்றப்பட்டது. 1996இல் தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம் அமைந்தது. இம்மாநிலத்தின் ஜெலெபுவில் அதன் மறுவாழ்வு நிலையம் ஒன்றும் உண்டு. இவையெல்லாம் போதைப்பொருளைக் கருதி எழுந்தவையாதலால், சம்சுவுக்கு அடிமையான தோட்டத் தொழிலாளி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ தன்னார்வச் சங்கத்தையோ நாட வேண்டியவனாகிறான்.

மலேசியாவில் ஆலோசகராகத் தொழில் செய்ய, 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி ஆலோசகர் வாரியத்தில் பதிவும் தொழில் அனுமதியும் பெறுதல் கட்டாயம். பிற தேசத்துச் சான்று எதுவும் இப்பதிவுக்கு ஈடாகாது. மேற்பார்வைக்கென்று தனிச் சான்றும் தேர்வும் வகுத்தவற்றுள் அமெரிக்காவில் 1981இல் தோன்றிய சர்வதேசச் சான்றளிப்புக் கூட்டமைப்பு குறிப்பிடத்தக்கது. அதன் உறுப்பு வாரியங்கள் பல ஆண்டுகளின் ஆலோசனை அனுபவத்தையும், மேற்பார்வை செய்த அனுபவத்தையும், அதற்குரிய தனிப் பயிற்சியையும் கோரி, 150 வினாக்கள் கொண்ட எழுத்துத் தேர்வும் நடத்துகின்றன. ஆசியாவில் கொழும்புத் திட்டம் என்னும் அரசுகளின் கூட்டமைப்பினது சான்றளிப்பு நிலையம் போதைச் சிகிச்சைத் தொழிலருக்குப் படிப்படியான சான்றுகளை அளித்து வருகிறது. எனினும் நல்ல ஆலோசகர் யாவரும் நல்ல மேற்பார்வையாளராகிவிடுவதில்லை. தாம் சொல்ல வேண்டியதைப் பிறரைக் கொண்டு சொல்விக்கும் பொறுமை வேறொரு வித்தை.

மேற்பார்வை பற்றி அமெரிக்க அரசாங்கம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, 20 முதல் 40 மணி நேரச் சிகிச்சைப் பணிக்கு ஒரு மணி நேர மேற்பார்வையைப் பரிந்துரைக்கிறது. ஆலோசகர் தம் வாயால் கூறும் விவரத்தோடு நில்லாமல், அவருடைய உரையாடலை மேற்பார்வையாளர் நேரிலோ ஒலிப்பதிவிலோ கேட்க வேண்டுமென்றும் வற்புறுத்துகிறது. தோட்டத்தில் இது எளிதன்று. வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கிடையே ஒரு பலகைச் சுவரே தடுப்பாக இருந்த வாழ்க்கையிலிருந்து வந்த ஜனங்களுக்கு, யார் யாரைப் பார்க்கப் போனார் என்பது பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும். ஆலோசகரே அத்தோட்டத்துப் பிள்ளையாயின், குடிப்பவர் அவருக்கு மாமனாகவோ, தகப்பனாருடைய பழைய கங்காணியாகவோ இருத்தல் கூடும். கோயில் திருவிழாவில் அம்மூத்தவருக்கு முன் கைகட்டி நின்ற ஆலோசகர், ஆலோசனை அறையில் அவருடைய பொய்யைச் சுட்டிக்காட்டத் தயங்குவார். இத்தயக்கத்தைக் கண்டுபிடிப்பதே மேற்பார்வையாளரின் பிரதான கடமை என்பது எம் அபிப்பிராயம். தேவையானால் அந்நோயாளியை வேறோர் ஆலோசகரிடம் மாற்றிவிடும் அதிகாரமும் அவருக்கு இருத்தல் வேண்டும்.

இவ்விஷயத்தில் தமிழ்நாட்டின் அனுபவம் பயன்படத்தக்கது. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், 1989இல் மஞ்சக்குடியில் தொடங்கிக் கிராமங்களில் 15 நாள் சிகிச்சை முகாம்களை நடத்தியது. இடம் தருவதும் பின்னர் வீடு தேடிச் சென்று விசாரிப்பதும் உள்ளூர் ஸ்தாபனத்தின் பொறுப்பாயிருந்தமையால், ஊராரின் அறிமுகமே அங்கு சிகிச்சைக்குத் துணையாயிற்று. எந்த விவரத்தை ஊரார் அறியலாம், எது அறைக்குள்ளேயே நிற்க வேண்டும் என்று வரையறுக்கும் வேலை, தோட்டத்துக்கு அத்தகைய முகாம் வரும்பொழுது மேற்பார்வையாளரையே சாரும்.