கருணையைப் பேசியவளும் மண்டியிட்டவளும்

ஷேக்ஸ்பியரில் நீதியும் கருணையும் என்றாலே 'வெனிஸ் வணிகன்' நீதிமன்றக் காட்சியைத்தான் சொல்வார்கள். பம்மல் சம்பந்த முதலியார் அதை 'வாணீபுர வணிகன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்ததால் அங்கே வழக்கறிஞராக வேடமிட்டு வாதாடும் போர்ஷியா நமக்கும் பழக்கப்பட்டவள். 1604 டிசம்பர் 26 அன்று முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அவையில் நடிக்கப்பட்ட 'மெஷர் ஃபார் மெஷர்' அவ்வளவு புகழ் பெறவில்லை. அதன் நாயகி இசபெல்லாவைப் போர்ஷியாவுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், போர்ஷியாவின் புகழில் பாதி நாவன்மைக்குக் கிடைத்தது என்று தோன்றுகிறது.

வெனிஸ் வழக்கு தெரிந்ததுதான். நண்பன் பஸ்ஸானியோவுக்காக அந்தோணியோ யூத வட்டிக்காரன் ஷைலக்கிடம் வாங்கிய மூவாயிரம் டகட் கடன், மூன்று மாதத் தவணை, தவறினால் ஒரு ராத்தல் சதை. 'மெஷர் ஃபார் மெஷர்' நடக்கும் வியன்னாவில் வழக்கு வேறு. திருமணத்துக்கு முன்பே காதலியைக் கருவுறச் செய்த கிளாடியோவுக்கு மரண தண்டனை. பல ஆண்டுகள் யாரும் தொடாமல் கிடந்த சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தவன், கோமகன் இல்லாத நேரத்தில் ஆட்சி நடத்தும் ஆஞ்செலோ. கிளாடியோவின் தங்கை இசபெல்லா, கன்னியர் மடத்தில் சேரவிருப்பவள், உயிர்ப்பிச்சை கேட்டு அவனிடம் வருகிறாள்.

இருவர் வாதமும் ஒன்றுதான்: கடவுள் நீதியை மட்டும் பார்த்தால் மனிதரில் ஒருவரும் தேறமாட்டார். போர்ஷியா இதை ஒரே மூச்சில், தங்குதடையின்றிச் சொல்லி முடிக்கிறாள். இசபெல்லாவுக்கு அப்படி வரவில்லை. தனக்கே அருவருப்பான குற்றம் என்று தொடங்கி, முதல் மறுப்பிலேயே திரும்பிப் போகப் பார்க்கிறாள். கிளாடியோவின் நண்பன் லூசியோ அவளைத் தடுத்து, இப்படிக் கேட்டால் ஒரு ஊசிகூடக் கிடைக்காது என்று உசுப்பேற்றிய பிறகுதான் அவள் வாதத்தில் சூடு ஏறுகிறது. நாடகமாக எனக்குப் பிடித்தது இந்தத் தடுமாற்றம்தான்.

இரண்டு மன்றாட்டும் பலிக்கவில்லை. ஷைலக் சட்டப்படிதான் வேண்டும் என்கிறான். ஆஞ்செலோ அண்ணனின் உயிருக்குத் தங்கையின் கற்பை விலை கேட்கிறான்.

சதைக்கு உரிமை உண்டு, ரத்தத்துக்கு இல்லை என்ற போர்ஷியாவின் புகழ்பெற்ற மடக்கோடு வழக்கு முடிந்திருக்கலாம். ஷைலக் அசலாவது போதும் என்கிறான், பஸ்ஸானியோவும் பணத்தை நீட்டுகிறான். மன்றத்தில் பணம் வேண்டாமென்றவனுக்கு இனிப் பத்திரத்தில் உள்ளது மட்டுமே என்று தடுப்பவள் போர்ஷியா. வெளியேறப் போனவனை நிறுத்தி இன்னொரு சட்டத்தையும் எடுக்கிறாள்: வெனிஸ் குடிமகனின் உயிரைப் பறிக்க முயலும் அந்நியனின் சொத்தில் பாதி அந்தக் குடிமகனுக்கு, பாதி அரசுக்கு, உயிர் கோமகன் கையில். கோமகன் உயிரை விடுகிறார். அந்தோணியோ விதிக்கும் நிபந்தனையோ, ஷைலக் கிறிஸ்தவனாக வேண்டும் என்பது. 1290இல் யூதர்களை வெளியேற்றியிருந்த இங்கிலாந்தின் அன்றைய ரசிகர்களில் பலருக்கு இது ஆன்மாவை மீட்கும் கருணையாகவே பட்டிருக்கலாம். ஆனால் உடம்புக்குச் சரியில்லை, போக விடுங்கள் என்று ஷைலக் கேட்கும் இடத்தைப் படித்துவிட்டு அதைக் கருணை என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

அந்தச் சட்டத்தைக் கவனியுங்கள். அந்தோணியோவின் உடம்பில் ஒரு கீறல்கூட விழவில்லை. தண்டனை முயற்சிக்கு. வியன்னாவின் கடைசிக் காட்சியில் இதே கேள்வி தலைகீழாக வருகிறது. இசபெல்லா இணங்குவதுபோல் நடித்ததால், இருட்டில் தன்னிடம் வந்தது அவள் என்றே ஆஞ்செலோ நினைத்திருந்தான். வந்தவள் அவன் முன்பு கைவிட்ட மரியானா. கேட்டது கிடைத்துவிட்டது என்று நம்பிய பிறகும் கிளாடியோவைக் கொல்ல ஆணையிட்டான். உண்மை வெளியாகி, கோமகன் உயிருக்கு உயிர் என்று தீர்ப்புச் சொல்கிறார். ஆஞ்செலோவுக்காக மரியானா மண்டியிட்டு, இசபெல்லாவையும் துணைக்கு அழைக்கிறாள்.

இசபெல்லா மண்டியிடுகிறாள். அண்ணன் செத்துவிட்டான் என்றே அவள் நம்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. அவள் சொல்லும் காரணம் சட்டக் காரணம்: அண்ணன் செய்த குற்றத்துக்குத்தான் செத்தான், ஆஞ்செலோவின் கெட்ட எண்ணமோ செயலாகவில்லை, எண்ணத்துக்குத் தண்டனை கிடையாது. இந்த அளவுகோல் வெனிஸில் இருந்திருந்தால் ஷைலக் அசலை இழந்தாலும் சொத்தோடும் மதத்தோடும் வீடு திரும்பியிருப்பான். போர்ஷியா கருணை காட்டச் சொன்னது பிறரை. அவளுக்கு அதில் இழப்பு எதுவும் இல்லை. இசபெல்லா மன்னிக்கச் சொல்வதோ தன்னையே விலைபேசியவனை.

இதனால் வியன்னா கருணைபுரி ஆகிவிடவில்லை. கிளாடியோ உயிரோடிருப்பது கோமகனுக்கு முன்பே தெரியும். அதை மறைத்து அவளை அழவிட்டவர் அவர். ஆஞ்செலோவையும், கொலைக்குற்றவாளி பர்னார்டைனையும்கூட மன்னிக்கிறார். ஆனால் தன்னைப் பற்றி வம்பு பேசிய லூசியோவிடம் மட்டும் மனசு இளகுவதில்லை. சவுக்கடியையும் தூக்கையும் தள்ளுபடி செய்துவிட்டு, அவனால் பிள்ளை பெற்ற விலைமகளை மணந்தே ஆகவேண்டும் என்கிறார். அதற்குச் செத்துப்போகலாம் என்று லூசியோ அலற, ஆள்பவனை அவதூறு பேசியவனுக்கு அது தகும் என்கிறார்.